பாட்டுக்கு நடுவே ஒரு அறிவிப்பு

எங்கள் பேண்டில் நாலு பேர். ஆனால் எந்த மேடையிலும் ஐந்தாவதாக ஒரு குரல் இருந்தது. நான் அடிவயிற்றிலிருந்து கத்திப் பாடிக்கொண்டிருப்பேன், கித்தார் உறுமிக்கொண்டிருக்கும், அப்போது என் குரல் பட்டென்று நின்றுபோகும். அந்த இடத்தில் சாவகாசமாக ஒரு ஆண் குரல் வரும்: "வெள்ள கலர் ஸ்கூட்டி, சீட்டு கிழிஞ்சது, ஜெனரேட்டர் வண்டிக்குக் குறுக்க நின்னுக்கினு கீது. யாருதா இருந்தாலும் வந்து எடுத்துடுங்கோ." சொல்லி முடித்ததும் என் மைக்கைத் திறந்துவிடுவார். பாட்டு அதற்குள் ரெண்டு வரி தாண்டிப் போயிருக்கும்.

அவர்தான் மைக்செட் அண்ணன். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா, யூனியன் கூட்டம் எதுவானாலும் அவருடைய செட்டுதான். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளையல் மாதிரி கையில் மாட்டியிருப்பார், சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

நாங்கள் நாலு பேரும் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்கள். பாடுகிறவள் நான், வயரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். கித்தார் வாசித்த சார்லஸ் ஒரு வார்ப்படக் கம்பெனியில் மெயின்டனன்ஸ். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் பழகி, பாட ஆரம்பித்து, அந்த நிறுத்தத்தின் பேரையே 'ரெண்டாம் கேட்' என்று பேண்டுக்கும் வைத்துக்கொண்டோம். சினிமாப் பாட்டு பாடுவதில்லை. ஷிஃப்ட், சூப்பர்வைசர், கேன்டீன் சாம்பார், லோக்கல் டிரெயின் என்று சொந்தமாக எழுதித்தான் பாடுவோம். இதற்கு ஆல்டர்நேடிவ் ராக் என்று பேர் இருப்பது சார்லஸுக்கு மட்டும் தெரியும். அவன் அதைச் சொன்னபோது எங்கள் டிரம்ஸ்காரன், "மாத்து ராக்கா? அப்ப ஒரிஜினல் எங்கடா?" என்று கேட்டான்.

அண்ணனோடு எங்கள் முதல் நிகழ்ச்சி ஆரம்பாக்கம் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவில் நடந்தது. சார்லஸ் காலுக்கடியில் இருந்த பெடலை மிதித்தான். கித்தார் கரகரவென்று கிழிகிற சத்தத்தில் கிளம்பியது. அவ்வளவுதான், அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை மேல் ஓடி வந்து கித்தார் வயரைப் பிடுங்கிவிட்டார். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நைனா, செட்டு கிழியுது! எங்கியோ எர்த் அடிக்குது. ஒரு நிமிஷம் இரு, மானம் போவுது."

"அண்ணா, செட்டு இல்லண்ணா. கித்தார் சத்தமே அப்டித்தான். நாங்க வேணும்னுதான் பண்றோம்" என்றான் சார்லஸ்.

"வேணும்னு பண்றீங்களா?" அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். புது வேட்டியை யாராவது வேண்டுமென்றே சேற்றில் முக்கினால் பார்க்கிற பார்வை. "இப்டி கேட்டா ஜனங்க என் செட்டு ரிப்பேர்னு இல்ல நெனைக்கும்? பேஜாரா பூடும்பா எனக்கு."

அவர் பயம் நியாயமானது. ஒரு ஊர்த் திருவிழாவில் அவருடைய மைக் கத்தியது என்று சொல்லி வாடகையைக் கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து எந்த நிகழ்ச்சியானாலும் மிக்சரில் ஒரு பென் டிரைவைச் செருகி முழுசாகப் பதிவு பண்ணிவிடுவார். நாளைக்கு யாராவது குறை சொன்னால் போட்டுக் காட்டலாம் அல்லவா. கலை மேல் இருந்த ஆசையால் அவர் எங்களைப் பதிவு செய்யவில்லை, தன் செட்டின் மேல் பழி வரக்கூடாது என்றுதான் செய்தார். நாங்கள் ஸ்டுடியோவுக்குப் போகிற வசதி இல்லாதவர்கள். அதனால் எங்கள் பாட்டெல்லாம் அவருடைய அந்தப் பயத்தில்தான் பத்திரமாக இருந்தது.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் ஆரம்பிக்கும் முன்பு மைக்கைப் பிடித்து, "அன்பான பொதுமக்களே, இப்ப வரப்போற கரகர சத்தம் நம்ம செட்டோட கோளாறு இல்ல. பாட்டே அப்டித்தான். பயப்படாம கேளுங்கோ" என்று அறிவித்துவிடுவார். கூட்டம் சிரிக்கும். சார்லஸ் தலையில் அடித்துக்கொள்வான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் விவகாரம்தான் எங்களைக் கொதிக்க வைத்தது. கும்மிடிப்பூண்டியில் எந்தக் கம்பெனி பஸ் எந்த நேரத்துக்கு எங்கே நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பாட்டு உச்சத்தில் இருக்கும். கேட்பவர்களும் எங்களைப் போலவே யூனிஃபார்ம் சட்டையோடு நின்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் நடுவில் புகுந்து, "டயர் கம்பெனி நைட் ஷிஃப்ட் பஸ்ஸு ரயில்வே கேட்டாண்ட வந்துடுச்சி. போறவங்க ஓடுங்கோ" என்பார். கூட்டத்தில் பாதி ஓடிவிடும். மீதிப் பாட்டைக் காலி நாற்காலிகளுக்குப் பாடுவோம்.

ஒருநாள் நான் இறங்கி வந்து சண்டை பிடித்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேலே இருக்கும். "ஏண்ணா, கூட்டத்த சேக்கறதுக்கு நாங்க தொண்ட கிழிய கத்தறோம். நீங்க ஒரே வார்த்தைல கலைச்சுடறீங்க. நாங்க என்னா பொம்மையா மேடைல?"

"பஸ்ஸ வுட்டா ஆப்சென்ட் போட்டுடுவாம்மா. அவங்க பாட்டுல நின்னுட்டாங்க, டைம் மறந்துட்டாங்க. நீ நல்லா பாடறதுதான் இதுக்குக் காரணம். அப்ப நாமதான சொல்லணும்?"

"பாட்டு முடிஞ்சப்புறம் சொல்லக்கூடாதா?"

"பாட்டு எங்க ஓடிடப் போவுது? நாளைக்குக் கூடப் பாடிக்கலாம்." இதைச் சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலே யாரையோ பார்த்து, "ஏம்மா, உன் புடவ சக்கரத்துல மாட்டப் போவுது, தூக்கிச் சொருகு!" என்று கூவினார். ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். என் சண்டை அந்தரத்தில் நின்றது.

அவரிடம் யாருமே ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை. நம் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார், ஆனால் காது வேறு எங்கேயாவது இருக்கும். மரியாதை தெரியாத மனுஷன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். பிறகு கவனித்துப் பார்த்ததில், அந்தக் காது எப்போதும் ஏதாவது சங்கடத்தில் மாட்டப் போகிறவர் பக்கம்தான் திரும்பியிருக்கும் என்று தெரிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி, கூட வந்தவர்களைத் தொலைத்துவிட்டு ஓரமாக நின்றபோது, அவனுடைய ஊர்ப் பேரைத் தப்பும் தவறுமாக மைக்கில் அவர் கத்திய கத்தலில் எங்கள் பாட்டு ஒன்று பிறந்த வேகத்திலேயே செத்தது. அந்த ஆட்கள் வந்து அவனை அழைத்துப் போனார்கள். எனக்கு அன்றைக்கு அவர் மேல் பிரியம் வந்துவிட்டது. அதற்காகக் கோபம் குறைந்தது என்று அர்த்தமில்லை. ரெண்டும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல்தான் போய்விட்டது. போய்விட்டது என்றால் ஊமையாகிவிடவில்லை, கரகரவென்று ஒரு சத்தம் மிஞ்சியது. மேலே ஏறவே ஏறாது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். பாட்டு நாளைக்கும் இருக்கும் என்று அவர் சொன்னது எனக்கு மட்டும் பலிக்கவில்லை. பேண்டும் அத்தோடு நின்றது. எனக்குப் பதிலாக வேறு யாரையாவது பாட வைக்கலாம் என்று நானே சொன்னேன். சார்லஸ் கேட்கவில்லை.

அண்ணன் பொன்னேரியில் இருந்த என் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்தேன். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் எல்லாருமே அப்போது நான் சொல்ல வந்ததை அவர்களே முடித்துவிடுவார்கள். தண்ணி வேணுமா, வலிக்குதா, படுக்கிறியா என்று. நல்ல எண்ணம்தான், ஆனால் எனக்கு அழுகையாக வரும். அண்ணன் முடிக்கவில்லை. வெளியே ஒரு மாட்டுவண்டிக்காரனும் ஆட்டோக்காரனும் வழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப் மாட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒருவரைக் குறுக்கிடாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் சொன்னது ஒன்றும் பெரிய விஷயமில்லை, சாப்பாடு இறங்க மாட்டேங்குது என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். அண்ணன் ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இந்த வருஷம் சென்னையில் ஒரு சின்ன மியூசிக் கம்பெனிக்காரர்கள் சார்லஸைத் தேடி வந்தார்கள். யாரோ போனில் எடுத்துப் போட்ட எங்கள் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். ரெண்டாம் கேட் பாடியதெல்லாம் சேர்த்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே ஆல்பமாக வெளியிட ஆசை என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் இனிமேல் பாடப் போவதில்லை. ஆகவே அந்த ஆல்பம்தான் என் குரலுக்கு முதலும் கடைசியுமான வீடு. அது ஒழுங்காக வர வேண்டும், ஒரு ஓட்டை உடைசல் இல்லாமல் வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பாட்டெல்லாம் அண்ணனுடைய பென் டிரைவில் இருந்தன. அண்ணனும் அந்தப் பாட்டுகளுக்கு உள்ளேயே இருந்தார்.

ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பென் டிரைவ்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கேட்கவே வாய் வரவில்லை. அவர் குரலை எடுத்துவிட்டுத்தான் பாட்டை வெளியிட வேண்டியிருக்கும், உங்களுக்கு வருத்தம் இல்லையே என்று ஒரு மாதிரி சுற்றி வளைத்துக் கேட்டேன். போனில் ஒரு பாட்டைப் போட்டும் காட்டினேன்.

"ஐயோ, எடுத்துடும்மா," என்றார் அண்ணி. "நீ எவ்ளோ நல்லா பாடிக்கினு போற, நடுவுல இந்தாளு பூந்து ஸ்கூட்டிய எடு, ஆட்டோவ எடுன்னு. எங்கூட்லயும் இதே கததான். நான் ஒரு பேச்ச முழுசா பேசி முடிச்சதே அவரு போனப்புறம்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு கைப்பிடிக் கீரையை எடுத்து ஆய்ந்தார். பிறகு, "பேசி முடிச்சா மட்டும் இன்னா ஆச்சு, கேக்க ஆளு வாணாவா?" என்றார்.

மற்ற பாட்டுகளில் எல்லாம் வேறு நாள் பதிவிலிருந்து அந்த வரிகளை ஒட்டி, அவரைச் சுலபமாக எடுத்துவிட்டார்கள். ஒரே பாட்டுதான் தகராறு. அந்தப் பாட்டின் பேர் 'சங்கு'. ஷிஃப்ட் மாறும்போது கம்பெனியில் ஊதுகிற சங்கு மாதிரியே என் குரல் கடைசியில் கீழேயிருந்து ஏறி, ஏறி, உச்சியில் போய் நிற்கும். எங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டால்தான் தெரியும். அதற்குக் கேட்கிற தரத்தில் ஒரே ஒரு பதிவுதான் மிச்சம். அதில், நான் ஏற ஆரம்பிக்கிற அதே இடத்தில் அண்ணன் புகுந்திருந்தார்.

ஸ்டுடியோவில் மிக்சிங் பண்ணுகிற தம்பி, "கவலையே படாதீங்கக்கா" என்றான். "அந்த அனௌன்ஸ்மென்ட் முழுக்கத் தூக்கிடலாம். உங்க வாய்ஸ் சாம்பிள் நெறைய இருக்கு, கம்ப்யூட்டர வச்சே அந்த கேப்ப ரொப்பிடலாம்." ரொப்பியும் காட்டினான். நான் கேட்டேன். என் குரல் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. நான் எந்த மேடையிலும் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்ததில்லை. சார்லஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதான், இத்தான் நாம மனசுல கேட்டுக்கினு இருந்தோம்" என்றான். நானும் அழுதேன். ரெண்டு வடிவத்தையும் என் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கும்மிடிப்பூண்டி லோக்கலில் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சாயங்காலம் இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பழைய பதிவைப் போட்டேன். வீட்டுக்காரர் செகண்ட் ஷிஃப்ட். மகள் தரையில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

அது ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்தது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் குடும்பத்தைக் கம்பெனிக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, ஆளுக்கொரு பொரி பாக்கெட் கொடுப்பார்கள். ஒரு ட்ரெய்லர் லாரிதான் எங்களுக்கு மேடை. 'சங்கு' ஏறுகிற இடத்தில் என் மைக் நின்றது. அந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதாகவும், மைக் வந்ததும் இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கத்தியதாகவும்தான் எனக்கு ஞாபகம்.

போனில் அண்ணன் பேசினார். "பாட்டு கொஞ்சம் நிக்கட்டும். மூணு வயசுப் பையன், பச்ச சட்ட, கையில பொரி பாக்கெட்டு. ஆளக் காணோம். அம்மா இங்க மேடையாண்ட அழுதுக்கினு நிக்கறாங்க. மெஷின் பக்கம் கீறவங்க சுத்திப் பாருங்கோ. எந்த வண்டியையும் எடுக்க வாணாம், எடுக்க வாணாம்." டிரம்ஸும் கித்தாரும் ஒவ்வொன்றாக அடங்கின. கூட்டத்தின் சலசலப்பு. ஒரு பெண் தேம்புகிற சத்தம். ஸ்டுடியோவில் அந்தத் தம்பி இதற்கு மேல் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

அப்புறம் மைக்குக்குத் தள்ளியிருந்து இன்னொரு குரல் வந்தது. "அண்ணா, அண்ணா, அதோ! வாழக்கன்னு கட்டிகிற ஃபோர்க்லிஃப்ட் இல்ல, அதுக்குப் பின்னால. பச்ச சட்ட." டக்கென்று அண்ணன் மைக்கைத் திறந்துவிடுகிற சத்தம். பிறகு அதே குரல் மைக்கில் மெதுவாக, "அழுவாத கண்ணு. அங்கியே நில்லு. அம்மா வராங்க பாரு. வராங்க, வராங்க."

எனக்குக் கொஞ்ச நேரம் அது யார் என்று பிடிபடவில்லை. லாரி மேல் உயரத்தில் நின்றவளுக்குத்தான் அந்தப் பையன் தெரிந்திருப்பான். அது நான். பாடுகிற குரல் பென் டிரைவ் பென் டிரைவாக இருக்கிறது. பேசுகிற குரலை யார் எடுத்து வைப்பார்கள்? பழைய போன் மழையில் நனைந்து செத்துவிட்டது, அப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கமும் எனக்கு இல்லை. நான் எப்படிப் பேசுவேன் என்பதை நானே மறந்துபோயிருந்தேன். அவர் என் பாட்டை வெட்டிய அந்த இடத்தில்தான் அது இருந்தது. என் மகளிடம் இந்தக் குரலில் நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

மகள் கலர் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த ஆன்ட்டி யாரும்மா?"

"அம்மாதான்."

"பொய்யி."

"நெஜமாடி. நான்தான், ரொம்ப நாளைக்கு முன்னாடி."

"அப்ப நீ சொல்லு பாக்கலாம்."

நான் போனை நிறுத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, இருக்கிற குரலில், "அழுவாத கண்ணு. அம்மா வராங்க பாரு. வராங்க, வராங்க" என்றேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். போனை வாங்கி மறுபடியும் ஓட விட்டாள். மறுபடியும் என்னைச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன்.

"ஆமா, நீதான்," என்றாள். "நான் கீழ வுழுந்தா இப்டித்தான் இழுத்து இழுத்து சொல்லுவ." திரும்பவும் கலர் அடிக்கப் போய்விட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு சார்லஸுக்குப் போன் போட்டேன். பழைய பதிவே ஆல்பத்தில் வரட்டும், நடுவில் ஒன்றையும் தொட வேண்டாம், அண்ணன் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"அப்ப உன் பாட்டு?" என்றான்.

"அவரு பேசி முடிக்கட்டும்டா," என்றேன். "அப்புறம் பாடுறேன்."